மூன்று நிமிட மைக்கும் ஒரு தீர்மானமும்: 'வரவேற்கும் நகரம்' என்றால் என்ன?

அமெரிக்காவின் சிறு நகரங்களில் நடக்கும் நகர மன்றக் கூட்டத்தை யூடியூபில் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒருமுறை பாருங்கள், பொழுது நன்றாகவே போகும். முன்னால் அரைவட்ட மேசை, அதில் ஐந்து பேரோ ஏழு பேரோ, நடுவில் மேயர். எதிரே ஒரு மைக். ஊர்க்காரர் யாராக இருந்தாலும் பெயர் கொடுத்துவிட்டு வந்து பேசலாம். பல ஊர்களில் ஆளுக்கு மூன்று நிமிடம்தான். முடிந்ததும் மணி அடிக்கும், இல்லாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். சாக்கடை அடைப்பு, பக்கத்து வீட்டு நாய், நடைபாதையைப் பெயர்த்துக்கொண்டு வளரும் மரம் என்று வழக்கமான பேச்சு போகும். கேட்க வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நிகழ்ச்சி நிரலில் 'குடியேறியவர்களை வரவேற்கும் நகரங்களின் கூட்டமைப்பில் சேர்வது குறித்து' என்று ஒரு வரி இருந்துவிட்டால் கதையே வேறு. அன்றைக்கு நாற்காலி போதாது. ஒருவர் மெக்சிகோ எல்லைச் சுவரைப் பற்றிப் பேசுவார். அடுத்தவர் தன் கொள்ளுப்பாட்டி இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த கதையைச் சொல்லிக் கண் கலங்குவார். மூன்றாமவர் போதைப்பொருள் கடத்தலைப் பற்றிக் கேட்பார். நான்காமவர் பைபிளைத் திறப்பார். மேயர் நடுநடுவே சுத்தியலைத் தட்டுவார். எல்லாம் கேட்டு முடித்தபின் அந்தத் தீர்மானத்தின் வாசகத்தை எடுத்துப் படித்தால் எல்லை இருக்காது, கடத்தல் இருக்காது, கொள்ளுப்பாட்டியும் இருக்க மாட்டார்.

அப்படியானால் அதில் என்னதான் இருக்கிறது? புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக அடியிலிருந்து சொல்கிறேன்.

விசா வேறு, தண்ணீர் பில் வேறு

அமெரிக்காவுக்குள் யார் வரலாம், எத்தனை நாள் இருக்கலாம், யாருக்குக் கிரீன் கார்டு, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதையெல்லாம் முடிவு செய்வது வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு. நகர மன்றத்துக்கு அதில் துளி அதிகாரமும் கிடையாது. நம் ஊர் வார்டு கவுன்சிலர் எதற்கு வேண்டுமானாலும் சிபாரிசுக் கடிதம் கொடுப்பார், பாஸ்போர்ட் கொடுக்க முடியாது அல்லவா, அதுபோலத்தான். நகரத்தின் கையில் இருப்பவை குடிநீர், குப்பை, சாலை, பூங்கா, கட்டட அனுமதி, உள்ளூர்ப் போலீஸ், தீயணைப்பு. பள்ளிக்கூடம்கூடப் பல ஊர்களில் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படும் பள்ளி வாரியத்தின் கீழ்தான் வரும்.

இந்தக் கோட்டைத் தாண்டிப் பார்த்த ஊர்களும் உண்டு. பென்சில்வேனியா மாநிலத்தில் ஹேசல்டன் என்று ஒரு பழைய நிலக்கரி நகரம். டொமினிகன் குடியரசைச் சேர்ந்த குடும்பங்கள் நிறைய வந்து குடியேறிக்கொண்டிருந்த நேரம். 2006-ல் அந்த ஊர் மன்றம் ஒரு சட்டம் போட்டது: அனுமதி இல்லாமல் நாட்டில் இருப்பவருக்கு வீடு வாடகைக்கு விட்டால் அபராதம், வேலை கொடுத்தால் கடை உரிமம் நிறுத்தம். அப்போதைய மேயர் லூ பார்லெட்டா நாடு முழுக்கப் பிரபலமானார், பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினராகவும் ஆனார். சட்டம் என்ன ஆனது? நீதிமன்றம் தடுத்தது, மேல்முறையீட்டிலும் தோற்றது, 2014-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. இதற்கிடையே 2012-ல் அரிசோனா மாநிலத்தின் குடியேற்றச் சட்டம் பற்றிய வழக்கிலும், எதிர்க்கப்பட்ட நான்கு பிரிவுகளில் மூன்றை உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. இந்த விஷயம் மத்திய அரசின் களம், மாநிலங்கள் தனிக்கடை போடக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஹேசல்டனில் இன்று பாதிக்கு மேற்பட்டவர்கள் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்தான்.

ஆக, நகரத்தால் துரத்தவும் முடியாது, கூட்டி வரவும் முடியாது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு கேள்வி. ஏற்கெனவே வந்து, வாடகைக்கு வீடெடுத்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, நாளைக் காலை நகர அலுவலகக் கவுன்ட்டரில் வந்து நிற்கப்போகிறவரை எப்படி நடத்துவது? 'வரவேற்கும் நகரம்' என்ற பெரிய சொல்லுக்குள் இருப்பது இந்தச் சின்னக் கேள்விதான்.

அந்தக் கவுன்ட்டருக்கே போய்ப் பார்ப்போம். காங்கோவிலிருந்து அகதியாக வந்த ஒரு பெண்மணி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுவாஹிலி சரளம், பிரெஞ்சு ஓரளவு, ஆங்கிலம் இப்போதுதான் பழகுகிறார். தண்ணீர் பில் வழக்கத்தைவிட மூன்று மடங்கு வந்திருக்கிறது. மொழிபெயர்த்துச் சொல்லப் பத்து வயது மகனைப் பள்ளிக்கு லீவு போட வைத்துக் கூட்டி வந்திருக்கிறார். அந்தப் பையனுக்கு ஆங்கிலம் நன்றாக வருகிறது. ஆனால் 'கசிவு', 'மீட்டர் அளவு', 'தவணை' என்பதற்கெல்லாம் அம்மாவின் மொழியில் சொல் தெரியாது. கவுன்ட்டரில் இருப்பவர் கெட்டவரல்ல. சத்தமாகச் சொன்னால் புரியும் என்று நினைத்துக் குரலை உயர்த்துகிறார். பின்னால் வரிசை நீள்கிறது. அம்மா தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். கழிப்பறைத் தொட்டியில் ஒழுகிக்கொண்டிருக்கும் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து இணைப்பைத் துண்டிக்க ஆள் வருகிறார்.

இதற்கு மாற்று ஒன்றும் பெரிய வித்தையல்ல. தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தரும் சேவைகள் இருக்கின்றன. கவுன்ட்டரில் ஒரு எண்ணை அழுத்தி, மொழியைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டால் ஐந்து நிமிட வேலை. ஒழுகலைச் சரி செய்யச் சொல்லலாம், பாக்கியைத் தவணையில் கட்ட ஏற்பாடு செய்யலாம். நகரத்துக்கும் வரவேண்டிய பணம் வந்து சேரும். பையனும் அன்று பள்ளியில் இருந்திருப்பான்.

இது கருணை மட்டும் அல்ல, சட்டமும் சம்பந்தப்பட்டது. மத்திய அரசின் பணத்தை வாங்கும் எந்த அமைப்பும் ஒருவர் எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பதை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டம் சொல்கிறது. மொழி உதவி தருவதும் இதில் அடங்கும் என்று 2000-ல் அதிபர் கிளின்டன் ஓர் ஆணை போட்டார். 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவித்தபோது அந்த ஆணையை ரத்து செய்துவிட்டார். 1964 சட்டம் அப்படியே இருக்கிறது. ஆனால் நடைமுறையில், கவுன்ட்டரில் அந்தத் தொலைபேசி இருக்க வேண்டுமா என்பது முன்னைவிட அதிகமாக அந்தந்த ஊரின் விருப்பத்துக்கு வந்துவிட்டது. இப்படிப்பட்ட தீர்மானங்களின் எடையும் அதனால் கூடியிருக்கிறது.

டென்னசியில் வைத்த விளம்பரப் பலகை

இந்த முயற்சிக்குப் பின்னால் இருக்கும் முக்கியமான அமைப்பு 'வெல்கமிங் அமெரிக்கா'. 2009-ல் தொடங்கியது, ஜார்ஜியா மாநிலத்தின் டெகேட்டரில் இருந்து இயங்குகிறது. இதன் வேர் டென்னசியில். அங்கே குடியேறியவர்களின் எண்ணிக்கை வேகமாகக் கூடி, உள்ளூர்க்காரர்களின் முணுமுணுப்பும் கூடிய 2000-களின் நடுவில், டேவிட் லுபெல் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 'வெல்கமிங் டென்னசி' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். நெடுஞ்சாலை ஓரம் விளம்பரப் பலகை வைத்தார்கள். தேவாலயங்களிலும் சங்கக் கூட்டங்களிலும் போய்ப் பேசினார்கள்.

இவர்கள் யாரிடம் பேசினார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அதுவரை உதவி அமைப்புகள் எல்லாம் வந்தவர்களிடம்தான் பேசிக்கொண்டிருந்தன: ஆங்கிலம் கற்றுக்கொள், வேலை தேடு, படிவத்தை நிரப்பு. இவர்கள் ஏற்கெனவே இருந்தவர்களிடம் பேசினார்கள். செடியை மட்டும் குறை சொல்லாதே, மண்ணையும் பார் என்பது போல. 2009 ஜனவரியில் அதே மாநிலத்தின் நாஷ்வில் நகரில், அரசு வேலைகள் எல்லாம் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்க வேண்டும் என்று நகரச் சாசனத்தைத் திருத்துவதற்கு வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 57 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவிலேயே குர்து மக்கள் அதிகம் வாழும் ஊர் அது என்பது பலருக்குத் தெரியாது.

ஒரு நகரம் வெல்கமிங் அமெரிக்கா நடத்தும் கூட்டமைப்பில் சேர்ந்தால் நடப்பது இவ்வளவுதான்: உறுப்பினர் கட்டணம், மற்ற ஊர் அதிகாரிகளோடு கலந்து பேச வாய்ப்பு, பயிற்சி, ஒவ்வொரு செப்டம்பரிலும் 'வரவேற்பு வாரம்'. அதற்கு மேல் போக விரும்பும் ஊர்கள் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அது வேறு ரகம். நகர நிர்வாகம், மொழி வசதி, பள்ளி, தொழில், பாதுகாப்பு, குடிமக்களின் பங்கேற்பு, அக்கம்பக்க உறவு என்று வரிசையாகத் தணிக்கை நடக்கும். ஆவணம் கேட்பார்கள். கோவில் கும்பாபிஷேகத்துக்குக் கட்டும் வரவேற்பு வளைவு மாதிரி ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போய்விட முடியாது.

ஆஸ்திரேலியாவிலும் இதே அச்சில் வார்த்த திட்டம் இருக்கிறது. ஆஸ்திரேலியா என்றதும் நமக்கு பிலோயலா ஞாபகம் வரும். குயின்ஸ்லாந்தின் அந்தச் சிற்றூரில் வாழ்ந்த ஈழத் தமிழ்க் குடும்பம் ஒன்றை 2018 மார்ச்சில் விடியற்காலையில் அதிகாரிகள் கூட்டிக்கொண்டு போனார்கள். ஊர்க்காரர்கள் நான்கு வருடம் விடாமல் கேட்டு, 2022 ஜூனில் அவர்கள் திரும்பி வந்தார்கள். விசா கொடுக்கும் அதிகாரம் அந்த ஊருக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. 'இவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்' என்று சொல்லும் வாய் மட்டும்தான் இருந்தது.

டேட்டன்: காலியான வீடுகளின் ஊர்

கொள்கையாகச் சொன்னால் இது ஆவியாகிவிடும். ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். எனக்குப் பிடித்த உதாரணம் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன். ரைட் சகோதரர்களின் ஊர். கடைகளில் பணம் வாங்கும் கல்லாப்பெட்டி இயந்திரத்தை உலகுக்குப் பரப்பிய என்சிஆர் நிறுவனம் பிறந்த ஊர். 1960-ல் மக்கள்தொகை 2.62 லட்சம். 2010-ல் 1.41 லட்சம். கிட்டத்தட்ட பாதி ஊர் காணாமல் போயிருந்தது. 2008 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, பக்கத்திலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை மூடப்பட்டது. மறு வருடமே என்சிஆர் தன் தலைமையகத்தை ஜார்ஜியாவுக்கு மாற்றிக்கொண்டது.

ஒஹையோவில் நகரங்கள் அந்த ஊரில் வேலை பார்ப்பவர்களின் சம்பளத்திலிருந்து வருமான வரி எடுக்கின்றன. டேட்டனில் இப்போது அது 2.5 சதவீதம். வேலை போனால் நகரத்தின் கஜானாவும் போகும். ஆள் போனால் வீடு காலியாகும். காலி வீட்டில் முதலில் செம்புக் குழாய் திருடு போகும், அப்புறம் கூரை ஒழுகும், கடைசியில் நகராட்சியே செலவு செய்து இடிக்க வேண்டியிருக்கும்.

இந்த நேரத்தில் சத்தமில்லாமல் ஒன்று நடந்தது. அஹிஸ்கா துருக்கியர் என்று ஒரு சமூகம். 1944-ல் ஸ்டாலின் ஜார்ஜியா நாட்டின் மலைப்பகுதியிலிருந்து இவர்களை மூட்டை முடிச்சோடு மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தினார். 1989-ல் உஸ்பெகிஸ்தானின் பெர்கானாவில் கலவரம், அங்கிருந்து ஓட்டம். ரஷ்யாவின் கிராஸ்னதார் பகுதியில் குடியுரிமை மறுக்கப்பட்டது. 2004 முதல் அமெரிக்கா இவர்களை அகதிகளாக ஏற்றது. வெவ்வேறு ஊர்களில் இறக்கிவிடப்பட்டவர்கள், வீட்டு விலை மலிவு என்று கேள்விப்பட்டு ஒருவர் பின் ஒருவராக டேட்டனுக்கு வந்தார்கள். ஓல்டு நார்த் டேட்டன் என்ற பகுதியில் பாழடைந்து கிடந்த வீடுகளை வாங்கி, அண்ணன் தம்பி மாமன் மச்சான் எல்லாரும் சேர்ந்து கூரை மாற்றி, வேலி போட்டு, குடியேறினார்கள். யாரும் அவர்களை அழைக்கவில்லை, எந்தத் தீர்மானமும் அப்போது இல்லை.

நகர நிர்வாகம் அதற்குப் பின்னால்தான் விழித்துக்கொண்டது. 2011-ல் ஊர்மக்களைக் கூட்டிப் பேசி, 'வெல்கம் டேட்டன்' என்று ஒரு திட்டம் எழுதினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் நகர ஆணையம் ஒருமனதாக ஏற்றது. டேட்டனில் நகர மன்றத்துக்கு 'கமிஷன்' என்று பெயர். மேயரையும் சேர்த்து ஐந்தே பேர். கொள்கை இவர்களுடையது, நிர்வாகம் இவர்கள் வேலைக்கு வைத்திருக்கும் நகர மேலாளருடையது. நம் மாநகராட்சி ஆணையர் போன்ற பதவிதான், ஆனால் அரசு அனுப்பி வைப்பதில்லை, மன்றமே ஆள் தேடி நியமிக்கும். 1913 பெருவெள்ளத்தில் ஊர் மூழ்கியபின் இந்த முறைக்கு மாறிய முதல் பெரிய அமெரிக்க நகரம் டேட்டன்தான்.

திட்டத்தில் தொழில், உள்ளாட்சியும் நீதியும், மருத்துவம், கலையும் கல்வியும் என்று நான்கு பிரிவுகள். மொழிபெயர்ப்பு, சிறு கடை வைக்க வழிகாட்டல், நாட்டுக்கு நாடு அணி கட்டிக் கால்பந்துப் போட்டி. குற்றத்தால் பாதிக்கப்பட்டவரிடமும் சாட்சியிடமும் 'உன்னிடம் விசா இருக்கிறதா' என்று கேட்பதில்லை என்று காவல்துறையும் நடைமுறை வகுத்தது. 2017-ல் வெல்கமிங் அமெரிக்காவின் தணிக்கையில் தேறிச் சான்றிதழ் வாங்கிய முதல் நகரம் டேட்டன்.

நம்மிடம் 'வந்தாரை வாழவைக்கும்' என்று ஒரு பெருமைப் பேச்சு உண்டு. டேட்டனில் அது தலைகீழாக நின்றது: வந்தவர்கள் வாழ்ந்துகொள்வார்கள், ஊர் வாழுமா என்பதுதான் அங்கே கேள்வி. பதிலும் கலவையானதுதான். 2000-க்கும் 2010-க்கும் இடையே டேட்டன் சுமார் 24,000 பேரை இழந்தது. அடுத்த பத்தாண்டில் இழந்தது சுமார் 4,000. சரிவு நிற்கவில்லை, வேகம் தணிந்தது. அதற்குத் திட்டம் மட்டுமே காரணம் என்று மார்தட்டினால் அது விளம்பரம். பொருளாதாரம் மீண்டது, பழைய ஜெனரல் மோட்டார்ஸ் கட்டடத்தைச் சீனக் கண்ணாடி நிறுவனம் வாங்கி மறுபடி ஆள் எடுத்தது, இன்னும் பல இருக்கின்றன.

இந்தப் பொருளாதார வாதத்தில் எனக்கு ஒரு நெருடலும் உண்டு. 'இவர்கள் வரி கட்டுகிறார்கள், கடை வைக்கிறார்கள், அதனால் வரவேற்போம்' என்று சொல்லும்போது, கடை வைக்க முடியாத எழுபது வயதுப் பாட்டியை என்ன செய்வது? மன்றத்தில் ஓட்டு வாங்க இந்த வாதம் உதவும். கவுன்ட்டரில் உதவாது.

சரணாலய நகரம் வேறு

மைக் முன்னால் நடக்கும் சண்டையில் பாதி இந்தக் குழப்பத்தால் வருவது. 'வரவேற்கும் நகரம்' வேறு, 'சரணாலய நகரம்' என்று சொல்லப்படுவது வேறு. இரண்டாவது, மத்தியக் குடியேற்ற அதிகாரிகளோடு உள்ளூர்ப் போலீசும் சிறையும் எந்த அளவுக்கு ஒத்துழைக்கும் என்பதற்கு வரம்பு போடும் ஊர். 1979-லேயே லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ், ஒருவரின் குடியேற்ற நிலையைக் கண்டுபிடிப்பதற்காகவே விசாரணையைத் தொடங்கக் கூடாது என்று தன் ஆட்களுக்கு உத்தரவிட்டது. காரணம் இரக்கம் அல்ல, தொழில் அனுபவம்: பயந்த சாட்சி வாயைத் திறக்க மாட்டார்.

இதற்கு அடியில் ஒரு சட்டக் கோட்பாடும் உண்டு. மத்திய அரசின் திட்டத்தை நடத்தித் தரும்படி உள்ளூர் அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1997-ல் துப்பாக்கி வாங்குவோர் பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இடதுசாரிகள் இன்று பிடித்துக்கொண்டிருக்கும் இந்தத் தீர்ப்பை எழுதியவர் வலதுசாரிகளின் அன்புக்குரிய நீதிபதி ஸ்காலியா. சட்டத்தில் இப்படி வேடிக்கைகள் நிறைய.

வரவேற்கும் நகரம் சரணாலயமாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டெக்சஸ், ஃபுளோரிடா, டென்னசி போன்ற மாநிலங்களில் சரணாலயக் கொள்கையை மாநிலச் சட்டமே தடுக்கிறது. மொழிபெயர்ப்புத் தொலைபேசியை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. இங்கிலாந்தில் இன்னும் குழப்பம்: அங்கே ஷெஃபீல்டில் தொடங்கிய 'சரணாலய நகரம்' இயக்கத்தில் போலீஸ் கணக்கே இல்லை, அகதிகளை அன்பாக நடத்துவோம் என்பதுதான் பொருள். ஒரே சொல், கடல் தாண்டினால் வேறு அர்த்தம்.

இந்த வேறுபாடு தெரிந்தும் கவுன்சிலர்கள் பயப்படுவதற்கு நியாயம் இருக்கிறது. 2025 மே மாதக் கடைசியில் மத்திய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 'சரணாலய'ப் பகுதிகள் என்று நூற்றுக்கணக்கான ஊர்கள், மாவட்டங்களின் பட்டியலை வெளியிட்டது. கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் பீச், 'நாங்கள் சரணாலயம் இல்லை' என்று சில மாதங்கள் முன்புதான் தீர்மானமே போட்டிருந்த ஊர். அதன் பெயரும் பட்டியலில் இருந்தது. மாவட்டப் போலீஸ் தலைவர்களான ஷெரிஃப்கள் கொதித்தெழ, சில நாட்களில் பட்டியலைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். தவறாகப் பெயர் வந்தாலும் மத்திய நிதி நின்றுவிடுமோ என்ற கவலை ஒரு சின்ன ஊரின் நிதி அதிகாரிக்கு இருக்கத்தானே செய்யும்.

எதிர்ப்பவர்கள் எல்லாம் வெறுப்பவர்கள் அல்ல

மன்றத்தில் எதிர்த்துப் பேசுகிறவர்களில் சிலர் வெறுப்பைத்தான் கொட்டுகிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மற்றவர்கள் கேட்பது நியாயமான கேள்வி: பள்ளியில் இடம் இருக்கிறதா, டாக்டரைப் பார்க்க எத்தனை நாள் காத்திருப்பது, என் வாடகை ஏன் ஏறுகிறது? ஆதரிப்பவர்கள் இதைக் கேட்டதுமே முகம் சுளிப்பார்கள். அங்கேதான் சறுக்குகிறது.

டேட்டனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் ஸ்ப்ரிங்ஃபீல்டு. 2020 கணக்கெடுப்பில் 58,662 பேர். அதுவும் ஆள் குறைந்துகொண்டே வந்த ஊர். தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் வேலை கிடைக்கிறது என்று ஹைட்டி நாட்டவர் சில ஆண்டுகளுக்குள் 12,000 முதல் 15,000 பேர் வரை வந்து சேர்ந்ததாக மதிப்பிடப்பட்டது. பெரும்பாலோர் அப்போது சட்டப்படி வேலை செய்ய அனுமதி பெற்றிருந்தவர்கள். வேலை கொடுத்த முதலாளிகளுக்குச் சந்தோஷம். ஆனால் மருத்துவமனையில் அவர்களுடைய கிரியோல் மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பார்க்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் இரட்டை நேரம் பிடித்தது. வாடகை ஏறியது. 2024 ஜூலையில் வீட்டுப் பற்றாக்குறையைப் பற்றி நகர மேலாளரே செனட்டர்களுக்குக் கடிதம் எழுதினார்.

2023 ஆகஸ்டில் ஹைட்டிக்காரர் ஒருவர் ஓட்டிய வேன் பள்ளிப் பேருந்தில் மோதி ஒரு சிறுவன் இறந்திருந்தான். 2024-ல் தேர்தல் நெருங்க நெருங்க அந்த மரணத்தை அரசியல் மேடைகளில் பேச ஆரம்பித்தார்கள். செப்டம்பரில், நகர ஆணையக் கூட்டத்தில், மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே சில நிமிடங்களில், சிறுவனின் தந்தை அந்த மைக்குக்கு முன்னால் நின்றார். என் மகனின் பெயரை வெறுப்புக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அதே நாள் இரவு, தொலைக்காட்சி விவாதத்தில் டிரம்ப், ஸ்ப்ரிங்ஃபீல்டில் வளர்ப்பு நாய் பூனைகளைத் தின்கிறார்கள் என்று ஆதாரமே இல்லாத ஒன்றைச் சொன்னார். அடுத்த நாட்களில் பள்ளிகளுக்கும் நகர அலுவலகத்துக்கும் 30-க்கு மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள். எல்லாமே புரளி.

மாநில ஆளுநர் மைக் டிவைன், டிரம்பின் அதே குடியரசுக் கட்சிக்காரர், அந்த ஊரில் பிறந்தவர். ஹைட்டி மக்களுக்கு ஆதரவாகப் பேசினார். அதோடு நிற்காமல் மருத்துவ வசதிக்கு 25 லட்சம் டாலர் ஒதுக்கி, போக்குவரத்தைக் கவனிக்க மாநிலப் போலீசையும் அனுப்பினார். என் பார்வையில் அந்த மாதம் அங்கே நடந்த உருப்படியான வரவேற்பு அதுதான்.

எதிர்ப்பாளர்கள் கவனிக்கத் தவறும் ஒன்றும் உண்டு. தீர்மானத்தைத் தோற்கடித்தால் நெரிசல் குறைந்துவிடாது. விசா உள்ள குழந்தையோ இல்லாத குழந்தையோ, யாராக இருந்தாலும் அரசுப் பள்ளியில் சேர்த்தே ஆக வேண்டும் என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. மன்றம் வேண்டாம் என்று வாக்களித்த மறுநாள் காலையும் அந்தக் குழந்தை புத்தகப்பையோடு வந்து நிற்கும். ஆங்கிலம் சொல்லித்தர ஆசிரியர் இருக்கிறாரா இல்லையா என்பது மட்டும்தான் மாறும்.

தீர்மானத்தைப் படிக்கும் விதம்

உங்கள் உறவினர் யாராவது ஒஹையோவிலோ டெக்சஸிலோ இருந்து, அவர்கள் ஊர் மன்றத்தில் இப்படி ஒன்று வருகிறது என்று அனுப்பினால், முதலில் அது தீர்மானமா, ஆர்டினன்ஸா என்று பாருங்கள். ஆர்டினன்ஸ் என்றதும் நமக்கு ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டம் நினைவுக்கு வரும். அங்கே அதன் பொருள் நகர மன்றம் இயற்றும் உள்ளூர்ச் சட்டம். பெரும்பாலும் இரண்டு முறை வாசித்துத்தான் நிறைவேற்றுவார்கள், மீறினால் விளைவு உண்டு. தீர்மானம் என்பது ஊரின் மனநிலையைச் சொல்லும் காகிதம். 'நாங்கள் பன்முகத்தன்மையைப் போற்றுகிறோம்' என்று எத்தனை பத்தி எழுதினாலும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

அப்புறம் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். எந்த அலுவலகம் பொறுப்பு, யாருக்குச் சம்பளம், எந்த ஆண்டுக்குள் என்ன என்று ஒரு வரியாவது இருக்கிறதா? 'நகர மேலாளர் ஆறு மாதத்தில் அறிக்கை தர வேண்டும்' என்று ஒரு சலிப்பூட்டும் வாக்கியம் இருந்தால் அது பத்துப் பொன்மொழிகளுக்குச் சமம்.

வாக்கெடுப்பு முடிந்ததும் அரங்கம் காலியாகிவிடும். ஜெயித்தவர்கள் வாசலில் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், தோற்றவர்கள் கார்க் கதவை அறைந்து சாத்துவார்கள். உள்ளே மன்றம் அடுத்த பொருளுக்குப் போகும், ஏதோ கழிவுநீர்ப் பம்ப் வாங்கும் ஒப்பந்தம். நாலைந்து மாதம் கழித்து பட்ஜெட் கூட்டம் வரும். தண்ணீர் பில் கவுன்ட்டருக்கு மொழிபெயர்ப்புத் தொலைபேசி சேவை, ஆண்டுக்கு இவ்வளவு என்று எங்கோ ஒரு வரி வரும், அல்லது வராது. அன்றைக்கு மைக் முன்னால் யாரும் இருக்க மாட்டார்கள்.